முதலில் அடை, பிறகு பாடம்



கர்மேலில் அக்கினியை வரவழைத்த எலியா, யேசபேலின் ஒரே மிரட்டலில் பயந்து ஓடினான். சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து சாவைக் கேட்டான் (1 இராஜாக்கள் 19). தேவன் உடனே கடிந்துகொண்டாரா? இல்லை! தூதன் தட்டி எழுப்பி, அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடியும் தூங்கவிட்டார். இரண்டாந்தரமும் போஜனம். 40 நாள் நடந்து ஓரேபுக்கு வந்த பிறகுதான் கேள்வி கேட்டார். அதுவும் மெல்லிய சத்தத்தில்.

நாம் என்ன செய்கிறோம்? பிள்ளை மார்க் ஷீட்டோடு வாசலிலே நடுங்கி நிற்கிறது. சோறு போடுவதற்கு முன்னே திட்டு! பயத்தில் உடம்பில் கார்டிசால் என்னும் சுரப்பு கூடுகிறது. அப்போது படித்த பாடமும் ஞாபகத்துக்கு வராது என்று மருத்துவம் சொல்லுகிறது.

நானும் ஒருநாள் கணக்குக்காக என் மகனை அழவைத்தேன். அவனுக்குக் கணக்கு ஏறவில்லை; என்மேல் பயந்தான் ஏறிற்று. அன்றிரவு அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

தகப்பன்மாரே, தாய்மாரே! இன்று சாயங்காலம் முதலில் சாப்பாடு போடுங்க. பக்கத்தில் உட்காருங்க. பிறகு மெதுவாக, "என்னப்பா ஆச்சு?" என்று கேளுங்க. எலியாவைத் தூக்கி நிறுத்தினவர் உங்கள் பிள்ளையையும் நிறுத்துவார். அல்லேலூயா! ஆமென்.