அடிநாக்குச் சங்கதி

காலை ஏழு மணிக் கொமுட்டரில் கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரல் வரை நின்றுகொண்டே வருகிறவருக்குப் பக்கத்து ஆளின் வாயைப் பற்றி எல்லாம் தெரியும். தன் வாயைப் பற்றித்தான் தெரியாது. எப்போதும் கூடவே இருக்கும் வாடையை மூக்கு பழகி மறந்துவிடும். உள்ளங்கையைக் குவித்து ஊதிப் பார்ப்பது நம்பத்தகுந்த சோதனை அல்ல. ஒரு கரண்டியின் விளிம்பால் அடிநாக்கை மெல்ல வழித்து, அரை நிமிடம் கழித்து முகர்ந்து பாருங்கள். அதைவிட நல்ல வழி, வீட்டில் ஒளிக்காமல் பேசும் ஒருவரைக் கேட்பது. பெரும்பாலும் அது பத்து வயதுப் பிள்ளையாக இருக்கும்.

நாற்றம் என்றதும் நாம் சாப்பாட்டைத்தான் பிடித்துக்கொள்கிறோம். பிரிக்பீல்ட்சில் வாழையிலையில் வரும் வெங்காயப் பச்சடி, மாமாக் கடையின் பூண்டுக் குழம்பு, இங்கே பலரும் விரும்பும் பெத்தாய் சம்பல். இவற்றில் கந்தகச் சேர்மங்கள் உண்டு என்பது உண்மை. பூண்டு தின்றால் அதிலிருந்து பிறக்கும் ஒருவகைக் கந்தகச் சேர்மம் ரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாக மூச்சில் வெளியேறுகிறது. அதனால்தான் மூன்று முறை பல் தேய்த்தாலும் அது போவதில்லை. பச்சை ஆப்பிளோ புதினா இலையோ மென்றால், சாப்பாட்டோடு பால் குடித்தால், கொஞ்சம் தணியும். எப்படியும் ஒரு நாளுக்குள் கிளம்பிப் போகிற விருந்தாளிதான் அது. குடியிருக்கிற நாற்றம் வேறு.

அந்தக் குடியிருப்பு எங்கே என்று வான்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜோசப் டோன்செட்டிச் 1970களில் வாய்க்காற்றைக் கருவியால் பகுத்துப் பார்த்தார். அழுகிய முட்டை வாடையுள்ள ஹைட்ரஜன் சல்பைடும், அழுகிய முட்டைக்கோஸை நினைவூட்டும் மெத்தில் மெர்காப்டனுமே முக்கியக் காரணம் என்று தெரிந்தது. பிராணவாயு எட்டாத இடுக்குகளில் வாழும் பாக்டீரியாக்கள், உணவுத் துணுக்கிலும் உதிர்ந்த செல்களிலும் உள்ள புரதத்தைச் சிதைக்கும்போது வெளிவிடும் வாயுக்கள் இவை. நாக்கின் பின்பகுதி, கம்பளம் போன்ற அதன் மேற்பரப்பால், அவற்றுக்கு வசதியான இருப்பிடம். வயிற்றுக் கோளாறுதான் காரணம் என்று ஆண்டுக்கணக்கில் வயிற்றுக்கு மருந்து சாப்பிடுகிறவர்களை எனக்குத் தெரியும். பத்துப் பேரில் எட்டு ஒன்பது பேருக்கு நாற்றத்தின் ஊற்று வாய்தான்; வயிறு அரிது.

இந்தப் பாக்டீரியாக் கூட்டத்தைக் கட்டுக்குள் வைப்பது எச்சில். அது கழுவுகிறது, பிராணவாயுவையும் கொண்டுவருகிறது. தூக்கத்தில் எச்சில் சுரப்பது மிகக் குறைவதால்தான் விடிந்ததும் எல்லோர் வாயும் நாறுகிறது. வாயால் மூச்சு விடுகிறவர், ஏர்கான் அறையில் தண்ணீர் குடிக்காமல் மாலை வரை பேசுகிறவர், பசியாறாமல் வேலைக்கு ஓடுகிறவர், எல்லோருக்கும் இதே கதைதான். தைப்பூச விரதமானாலும் ரமலான் நோன்பானாலும் வறண்ட வாய் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும்.

மருந்து மலிவானது. பிரிக்பீல்ட்சிலோ கிள்ளான் லிட்டில் இந்தியாவிலோ பாத்திரக் கடையில் நாக்கு வழிப்பான் கேட்டால் எவர்சில்வரிலும் செம்பிலும் எடுத்துப் போடுவார்கள். நம் பாட்டிகள் காலையில் குமட்டக் குமட்ட வழித்தது வீண் போகவில்லை. ஆனால் அடிநாக்கிலிருந்து முன்னே இழுக்க வேண்டும், ரத்தம் வரச் சுரண்டக்கூடாது. பல்லிடுக்குக்கு நூல், இரவில் தூங்குமுன் ஒரு துலக்கல், பல்செட் இருந்தால் அதைக் கழற்றிக் கழுவுவது. வாய் கொப்பளிக்கும் மருந்து சில மணி நேரம் மறைக்கும். சாராயம் கலந்தது சிலருக்கு வாயை இன்னும் வறளச் செய்யும்.

இவ்வளவு செய்தும் போகாவிட்டால் ஈறைப் பார்க்க வேண்டும். இந்த இடத்தில்தான் நம் சமூகத்துக்கென்று ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே அந்த விகிதம் இன்னும் அதிகம். சர்க்கரை ஏறினால் ஈறு எளிதில் சீழ் பிடிக்கும். ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். எச்சிலும் குறையும். தே தாரேக்கில் கூடுதலாக ஒரு கரண்டி சீனி கேட்கிறவர், துலக்கும்போது ரத்தம் வந்தால் பேஸ்ட்டை மாற்றுவார். மாற்ற வேண்டியது பேஸ்ட்டை அல்ல. பல் டாக்டரிடம் காறை எடுத்துக்கொண்டு, ரத்தத்தில் சர்க்கரையையும் பார்த்துவிட வேண்டும். மூச்சில் அழுகிய பழ வாடையோடு வாந்தியும் சோர்வும் சேர்ந்தால் கிளினிக்கில் வரிசை பிடிக்க நேரமில்லை. நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

வெற்றிலையைச் சொல்லாமல் விட்டால் சரியாகாது. தோட்டத்தில் வாழ்ந்த ஒரு தலைமுறைக்குச் சாப்பாட்டுக்குப் பின் வாய் மணக்க வெற்றிலைதான். ஆனால் அதனுள்ளே மடிக்கும் பாக்கையே புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வகைப்படுத்தியது. புகையிலை சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடம், குறிப்பாகப் பெண்களிடம், அதிகமாகக் காணப்படுவதற்கு இந்தப் பழக்கமே பெரிய காரணம். ஏலமும் கிராம்பும் மணக்கிற வாய்க்குள் புண்ணின் வாடை வெளியே தெரியாது. வீட்டில் வெற்றிலைப் பெட்டி வைத்திருக்கும் ஆத்தா இருந்தால், நல்ல வெளிச்சத்தில் உட்காரவைத்து, கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் ஓரத்தையும் ஒருமுறை பாருங்கள். இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ தெரிந்தால், பல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.