கூலி புடிக்காத லீவு

வாரம் நாலு நாள் வேலை போதும் என்று தோழர்கள் பேசுகிறார்கள். அம்மாவிடம் சொன்னேன். ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி அவள். "ஒரு நாளு போவலன்னாலே கூலிய புடிச்சிடறான். மூணு நாளு எவன்டா சோறு போடுவான்?"

நியாயந்தானே! 1946-இல், அம்பேத்கர் தொழிலாளர் துறையைக் கவனித்த காலத்தில், வாரம் 54 மணி வேலை 48 ஆனது. அதுவும் ஆலைக்கு, வயலுக்கும் தெருவுக்கும் அந்தச் சட்டம் வரவில்லை.

2023-இல் தமிழகச் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு மசோதா நிறைவேற்றினார்கள். நாலு நாள் உழைத்தால் மூணு நாள் விடுப்பு என்றுதான் அதற்கும் நியாயம் சொன்னார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றார்கள். ஆக, நாளைக் குறைப்பது வேறு, நேரத்தைக் குறைப்பது வேறு.

கூலி குறையாம நேரம் கொறஞ்சா என்னம்மா செய்வே என்றேன். யோசித்தாள்.

"பகல்ல கொஞ்சம் தூங்குவேன்."