வீடு நல்லதானால் போதுமா?

ஒருவன் கட்டும் வீடு அவனோடு முடிந்து போவதில்லை. அவனுக்குப் பின்னும் அச்சுவர்கள் நிற்கின்றன. அதற்காக வெட்டிய மரமும் தோண்டிய மண்ணும் இனிப் பிறப்போர்க்கும் உரியவை. ஆகவே, பிறர்க்குரியதைக் குறைக்காமல் வீடு கட்டி வாழ இயலுமா என்பது அறம் பற்றிய வினாவாகும்.

இவ்வினாவிற்குச் செயலால் விடை காண முயன்றனர் இலண்டன் மாநகரின் தென்பகுதியில் சிலர். அங்கே சட்டன் வட்டாரத்தில் ‘பெட்ஸெட்’ என்னும் குடியிருப்பு 2002ஆம் ஆண்டில் நிறைவுற்றது. வடிவமைத்தவர் பில் டன்ஸ்டர். விளைநிலத்தைத் தொடாமல், முன்பு கழிவுநீர்ச் சேற்றுக்குப் பயன்பட்ட நிலத்தையே தேர்ந்தனர். வீடுகள் தெற்கு நோக்கி வெயிலை ஏற்கின்றன; அவற்றின் பின்னே நிழலில் பணியிடங்கள் அமைந்துள்ளன. பணியிடத்தின் கூரையே வீட்டார்க்குத் தோட்டம். குளிர் புகாதிருக்கச் சுவர்களில் 300 மில்லிமீட்டர் தடிப்பில் வெப்பக் காப்பு இட்டனர். பிற கட்டடங்களில் பயன்பட்ட எஃகில் 98 டன்னை மீண்டும் பயன்படுத்தினர்.

எனினும் குறையும் நேர்ந்தது. மரத்துண்டுகளை எரித்து மின்சாரமும் வெந்நீரும் அளிக்க நிறுவிய பொறி சில ஆண்டுகளிலேயே நின்றது. எரிவாயுக் கொதிகலன்களை நாட வேண்டியதாயிற்று. இதனால் முயற்சியே வீண் என்பார் உளர். அது பொருந்தாது. பொறி நின்றது உண்மையே. வெயிலை நோக்கிய சாளரமும் தடித்த சுவரும் இன்றும் தம் பணியைச் செய்கின்றன. சிக்கல் குறைந்ததே நெடுநாள் நிலைக்கும் என்பதன்றோ இதில் நாம் பெறும் பாடம்?

இதனினும் பெரிய உண்மை ஒன்று உண்டு. அங்கு வாழ்வோர் வீட்டில் செலவிடும் வெப்பமும் மின்சாரமும் குறைந்தன. ஆயினும் வானூர்திப் பயணம், உணவு, வாங்கும் பொருள்கள் ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, புவி தாங்கக்கூடிய அளவை அவர்களும் மீறியே இருந்தனர். வாயிலுக்குள் சிக்கனமும் வெளியே தாராளமும் ஒருங்கே வாழ்ந்தன!

இதற்காக அவர்களைப் பழித்தல் நமக்கு எளிது. நம்மை வினவுதல் அரிது. நல்ல வீடு நல்வாழ்வை எளிதாக்கலாம். வாழ்பவனுக்காக அது வாழ இயலாது. ‘இவ்வளவு போதும்’ என்று சொல்ல வேண்டியவன் மனிதனே.

ஆதலின், புதுமனை எண்ணுவோர் கொத்தனாரை அழைக்குமுன் தம்மையே கேட்டுக்கொள்ளல் வேண்டும்: ஊருக்குள் வெற்றிடம் இருக்க வயலை அழிப்பானேன்? பழைய கதவும் உத்தரமும் உதவாவோ? எத்தனை அறைகள் நமக்குத் தேவை? இவற்றுக்கு நேர்மையாக விடை கூறுபவன் இடும் அடிக்கல்லே உறுதியானது.