ஒடிந்த மரமும் ஊர் அறமும்

பேரிடர் ஒன்று வந்து நீங்கிய மறுநாள் காலையில் மனிதன் செய்யும் முதல் வேலை, கண்ணில் பட்டதைக் கூட்டித் தள்ளுவதுதான். வெள்ளம் வடிந்தால் சேற்றை வாருகிறோம். தீ அணைந்தால் சாம்பலை அள்ளுகிறோம். புயல் ஓய்ந்தால் மரத்தை அறுக்கிறோம். முதல் இரண்டிலும் ஐயத்துக்கு இடமில்லை. சேறு சேறுதான், சாம்பல் சாம்பல்தான். ஒடிந்த மரமோ அப்படிப்பட்டதன்று. அது பாதி குப்பை, பாதி உயிர். குப்பையென்று கருதி அதனை அடியோடு அகற்றுவதா, உயிரென்று கருதி அதற்குச் சிறிது காலம் தருவதா என்னும் கேள்வி ரம்பத்தைக் கையில் எடுத்தவனிடம் பெரும்பாலும் எழுவதில்லை. எழத்தான் வேண்டுமா என்பதை இக்கட்டுரையில் எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

இதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் களம் கனடா நாட்டின் கியூபெக் மாநிலம். காலம் 1998ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள். டில்லிக் குளிரையே பெரிய செய்தியாக ஊருக்குக் கடிதம் எழுதிப் பழகியவர்கள் நாம். பனிக்கட்டிப் புயல் என்றால் என்னவென்று விளங்கிக்கொள்ள நமக்குச் சற்று முயற்சி வேண்டும். அது பஞ்சு போல உதிரும் பனிப்பொழிவு அன்று. கல் போல விழும் ஆலங்கட்டியும் அன்று. மேலே வானில் வெதுவெதுப்பான காற்று. கீழே நிலத்தையொட்டி உறைநிலைக்கும் குறைவான குளிர்காற்று. மேலிருந்து மழையாகவே விழும் துளி, கீழ்க்காற்றுக்குள் நுழைந்து குளிர்ந்து, ஆயினும் உறைந்துபோக நேரமின்றி நீராகவே வந்து எதையேனும் தொடுகிறது. தொட்ட கணத்தில் கண்ணாடியாக உறைந்துவிடுகிறது. இலையில்லாத சிறு கிளையும் மின்கம்பியும் வேலியின் முள்ளும் அவ்வாறே கண்ணாடி உறை போர்த்துக்கொள்கின்றன. காண்பதற்கு அத்துணை அழகு என்கின்றனர். அவ்வழகு மணிக்கு மணி தடித்துக்கொண்டே போகும். கிளை தன் எடையைப் போலப் பல மடங்கு சுமையைத் தாங்கி நின்று, பிறகு ஓசையோடு முறியும்.

செயின்ட் லாரன்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் குளிர்காற்று தேங்கி நிற்பது வழக்கம். அவ்வாண்டு ஜனவரி 5ஆம் நாளையொட்டித் தொடங்கிய உறைமழை ஏறத்தாழ ஐந்து நாள்கள் விட்டு விட்டுப் பெய்தது. மான்ட்ரியல் நகருக்குத் தெற்கே சில இடங்களில் அதன் அளவு 100 மில்லிமீட்டரை எட்டியது. ஏறத்தாழ 1000 இரும்பு மின்கோபுரங்கள் காகிதம் கசங்குவது போலக் கசங்கின. மரக் கம்பங்களோ பல்லாயிரக்கணக்கில் சாய்ந்தன. மாநில மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் உறைகுளிர்காலத்தின் நடுவில் மின்சாரமின்றி இருந்தனர். நீரேற்றும் நிலையங்களுக்கு மின்சாரம் நின்றதால் மான்ட்ரியல் மாநகரின் குடிநீர் வழங்கலே நின்றுபோகும் நிலை ஒரு நாள் உண்டாயிற்று. கனடா நாட்டுப் படையினர் சுமார் 16,000 பேர் மீட்புப் பணிக்கு வந்தனர். அண்டை மாநிலங்களிலிருந்தும் அமெரிக்க நாட்டிலிருந்தும் மின்தொழிலாளர்கள் வண்டி வண்டியாக வந்து சேர்ந்தனர்.

அவ்விடரில் இறந்தோருள் பலர் மரம் விழுந்தோ குளிரில் விறைத்தோ இறந்தவர்கள் அல்லர். வீட்டுக்குள் ஜெனரேட்டரையும் கரியடுப்பையும் மூட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டவர்கள். புகையில் கலந்த நச்சு வாயு உறக்கத்திலேயே அவர்களைக் கொண்டு சென்றது. அச்சத்தில் அவசரமாகச் செய்த காரியம் இடரினும் கொடிதாக முடிந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்வோம். பின்னர் இது நமக்குப் பயன்படும்.

அந்நாள்களில் நேர்ந்த இன்னொன்றை நாம் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துச் சற்று நேரம் சும்மா இருந்தோம். ஊரெங்கும் முறிந்த மரம் குவியல் குவியலாகக் கிடக்கிறது. ஆனால் அடுப்பெரிக்க விறகில்லை! பச்சை மரம் எரியாது. மேப்பிள் போன்ற வன்மரம் பிளந்து அடுக்கி ஓராண்டேனும் காய்ந்தால்தான் விறகாகும். ஆகவே பிற பகுதிகளில் வாழ்வோர் தாம் அடுத்த குளிருக்கென்று சேர்த்து வைத்திருந்த உலர்ந்த விறகை வண்டியேற்றி அனுப்பினர். இன்று வீழ்ந்தது இன்றைய தேவைக்கு உதவாது. முன்பே யாரோ பொறுமையாக அடுக்கி வைத்ததுதான் உதவும். பால்பண்ணை வைத்திருந்தோரும் இத்தகைய இக்கட்டில் சிக்கினர். பசுவைக் கறக்கும் பொறிக்கு மின்சாரம் வேண்டும். கறவாவிட்டால் மடி கட்டிப் பசு நோயுறும். ஒரு ஜெனரேட்டரையே பண்ணை பண்ணையாக இழுத்துச் சென்று முறைவைத்துக் கறந்தனர். கறந்த பாலையும் ஆலைகள் ஏற்க இயலாமையால் நிலத்தில் கொட்டினர். கொட்டுவதற்காகவேனும் கறந்தே தீரவேண்டும் என்ற அக்கடமையை, ஊரில் மாடு வைத்திருந்த குடும்பத்தில் பிறந்த நம்மில் பலர் உடனே உணர்வர்.

மான்ட்ரியல் நகரில் விளக்குகள் மீண்டும் எரிந்தன. ஆனால் நகருக்குத் தெற்கே செயின்ட் ஹையசிந்த், கிரான்பி, செயின்ட் ஜான் என்னும் மூன்று ஊர்களுக்கு இடைப்பட்ட நிலப்பரப்பு வாரக்கணக்கில் இருளில் கிடந்தது. அதற்குக் 'கருமுக்கோணம்' என்றே பெயரிட்டனர். சில வீடுகளுக்கு மின்சாரம் வர ஒரு மாதத்துக்கும் மேலாயிற்று. நம் அறக்கேள்வி கூர்மையடைவது இவ்விடத்தில்தான். இருளில் இருப்பவன் இருளில் இருப்பவனுக்கு உதவுதல் எளிது. அது அறம் என்பதினும் தோழமை எனலே பொருந்தும். ஒரே கூரையின்கீழ் ஒரே கஞ்சியைக் குடிக்கும்போது யாருக்கும் மனம் சுருங்குவதில்லை. தன் வீட்டில் விளக்கெரிந்த பின்னரும் அடுத்த ஊரின் இருள் ஒருவனுக்கு நினைவிருக்கிறதா என்பதே உரைகல். செய்ந்நன்றியறிதலைப் பற்றி ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் காலமறிந்து செய்த உதவியை உயர்த்திக் கூறுகிறார். காலம் என்றால் இடரின் முதல் நாள் என்றே நாம் பொருள் கொள்கிறோம். அதன் முப்பதாம் நாளும் காலம்தானே?

இனி மரத்துக்கு வருவோம். மான்ட்ரியலின் நடுவே நிற்கும் மவுன்ட் ராயல் குன்றின் பூங்கா 1876ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. நியூயார்க் நகரின் நடுவண் பூங்காவை அமைத்தோருள் ஒருவரான பிரெடரிக் லா ஓம்ஸ்டெட் வகுத்தது. அங்கிருந்த மரங்களில் ஐந்தில் நான்கு பங்கு அப்புயலில் ஊறுபட்டன. ஊரெங்கும் ரம்பத்தின் ஓசை. மரத்தை அறிந்தவர்கள் அப்போது மக்களுக்குச் சொன்னது சற்று வியப்பளிக்கும். கிளைமேல் உறைந்த பனிக்கட்டியைத் தடியால் தட்டாதீர்கள்; தட்டினால் தாங்கி நிற்கும் கிளையும் முறியும். வளைந்து தலை நிலத்தைத் தொட்ட இளமரத்தை இழுத்து நிமிர்த்தாதீர்கள். கட்டி உருகினால் அதுவே எழக்கூடும். கிளைப்பரப்பில் பாதிக்குக் குறைவாக இழந்த மரம் பெரும்பாலும் பிழைக்கும். முக்காற்பங்குக்கு மேல் இழந்தது பிழைப்பது அரிது. இடைப்பட்டதற்கு உடனே தீர்ப்பு எழுதாமல் அடுத்த வசந்தத்தில் தளிரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இவையே அவர்கள் கூறியதன் சாரம்.

அலெக்ஸ் ஷைகோ என்னும் அமெரிக்க வனத்துறை அறிஞர் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காகப் பிளந்து பார்த்து ஓர் உண்மையை நிறுவினார். மரத்தின் புண் நம் புண்ணைப் போல ஆறுவதில்லை. புண்பட்ட பகுதியைச் சுற்றி மரம் உள்ளே சுவர் எழுப்பி, அழுகல் பரவாமல் அடைத்துவிட்டு, அதற்கு வெளியே புதிய கட்டையை வளர்த்துக்கொள்கிறது. பழைய புண் என்றும் உள்ளேயே இருக்கும். ஆகவே கிளையை அறுப்போன் அதன் அடியிலுள்ள தடித்த வளையத்தை விட்டு வெளியே அறுத்தால் மரம் தன் சுவரை எழுப்பும். தண்டோடு ஒட்டச் செதுக்கினாலோ, தலையை மொட்டையடித்தாலோ சுவர் எழும்பாது. புண்ணுக்கு வண்ணம் பூசுவதும் வீண் வேலை. உதவி செய்கிறோம் என்று நாம் நுழையும் இடத்தில் எவ்வளவு நுழைவது என்ற அளவு உதவி பெறுவோரைப் பொறுத்தது என்பதற்கு இதனினும் நல்ல சான்று நமக்குக் கிட்டவில்லை.

எதிர்வாதத்தையும் நேர்மையோடு எடுத்துரைக்க வேண்டும். மனித உயிரினும் மரம் பெரிதா? அன்று. முறிந்து தொங்கும் கிளை எந்தக் கணத்திலும் விழும். வடஅமெரிக்க மரம்வெட்டிகள் அதற்குக் 'கைம்பெண்ணாக்கி' என்றே பெயர் வைத்துள்ளனர். அதனை அன்றே இறக்க வேண்டும். பாதையை அடைத்துக் கிடப்பதை அன்றே நீக்க வேண்டும். இவ்விரண்டிலும் தாமதம் குற்றம். ஆனால் நிற்கும் மரத்தை என்ன செய்வது என்பது மூன்றாவது வேலை, அதற்கு அவசரமில்லை. முதலிரண்டின் அவசரத்தை மூன்றாவதன்மேல் ஏற்றிவிடுவதுதான் மனிதர் செய்யும் பிழை. கையில் ரம்பம் இருக்கிறது, ஆள் வந்துவிட்டார், கூலி பேசியாயிற்று, 'இதையும் சேர்த்து' என்று ஒரு சொல் பிறக்கிறது.

கியூபெக்கின் சர்க்கரை மேப்பிள் தோப்புக்காரர்களுக்கு இது வயிற்றுப்பாட்டுக் கேள்வியாகவே இருந்தது. அம்மரம் முளைத்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சென்றே துளையிட்டுச் சாறு இறக்கும் பருவம் அடைகிறது. நட்டவன் முதுமையிலோ, அவன் மகனோதான் பாகு காய்ச்ச முடியும். ஊறுபட்ட தோப்பில் துளைகளைக் குறைத்து, சில ஆண்டுகள் வருவாய் சுருங்கினாலும் மரத்தைத் தேறவிடுவதா, வெட்டிக் கட்டையாக விற்றுவிடுவதா? குறைந்த வருவாயை ஏற்றுக் காத்திருப்பவன் அதைத் தனக்காக மட்டும் செய்வதில்லை.

இவை தொலைநாட்டுச் செய்திகள் மட்டும் அல்ல. காஷ்மீரத்தில் 2018, 2019 ஆகிய இரு ஆண்டுகளிலும் நவம்பர்த் தொடக்கத்திலேயே பெரும்பனி விழுந்தது. ஆப்பிள் மரங்களில் இலை உதிர்ந்திருக்கவில்லை. சில தோட்டங்களில் காயும் இறக்கப்படவில்லை. இலையெல்லாம் பனியைத் தாங்கிக்கொள்ள, நடுத்தண்டு இரண்டாகப் பிளந்தது. பிளந்த மரத்தை மரையாணி இட்டு முடுக்கிக் கம்பியால் கட்டிப் பிழைக்க வைக்க முயன்ற தோட்டக்காரர்கள் உண்டு. நற்றிணையின் 172ஆம் பாட்டில், விளையாட்டாகப் புதைத்த விதையிலிருந்து வளர்ந்த புன்னையை உடன்பிறந்தாளாகக் கருதி, அதன் நிழலில் காதலனோடு பேச நாணும் பெண்ணை நாம் அறிவோம். அக்காஷ்மீரக் கிழவர்கள் நற்றிணையைப் படித்திருக்க மாட்டார்கள்.

நாம் படித்திருக்கிறோம். படித்தும் செய்ததைக் கூறாமல் விடுவது முறையன்று.

2022ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் மாலை டில்லியில் வீசிய சூறைக்காற்றில் நூற்றுக்கணக்கான மரங்கள் சாய்ந்ததை இங்குள்ளோர் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் குடியிருப்பின் பின்புறம் நின்ற வேம்பின் பெரிய கிளையொன்று முறிந்து இரண்டு ஸ்கூட்டர்களின்மேல் விழுந்தது. மறுநாளே ஆள் வைத்துக் கிளையை அகற்றிவிட்டோம். மரம் நின்றது, பாதிக்கு மேல் தழையும் இருந்தது. ஆயினும் அச்சம் நின்றபாடில்லை. பிள்ளைகள் விளையாடும் இடம் என்றனர் சிலர்; வண்டி நிறுத்த இடமாகும் என்றனர் வேறு சிலர், அதைச் சற்றுத் தாழ்ந்த குரலில். 1994ஆம் ஆண்டு டில்லி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியின்றி மரத்தை வெட்டலாகாது. உயிருக்கும் உடைமைக்கும் உடனடி ஆபத்து இருந்தால் விலக்கு உண்டு. மனு எழுதும் பொறுப்பு கோப்பு எழுதிக் கைபழகிய எங்களிடம் வந்தது. 'உடனடி ஆபத்து' என்ற சொற்களை அழகாக அமைத்து எழுதினோம். ஆபத்தான கிளை முன்பே இறக்கப்பட்டுவிட்டது என்பதை எழுதவில்லை. பொய் ஒன்றும் எழுதவில்லையே என்று அப்போது தேற்றிக்கொண்டோம்.

கையொப்பமிட மறுத்தவர் ஒருவரே. கீழ்த்தளத்தில் மகன் வீட்டில் இருக்கும் தஞ்சை மாவட்டத்துப் பாட்டியம்மாள். "பாதிதானே ஒடிஞ்சிருக்கு? மழைக்காலம் கழியட்டும், பார்த்துக்கலாமே" என்றார். கியூபெக்கின் மர அறிஞர்கள் சொன்னதும் அதுதான் என்று நமக்கு அன்று தெரியாது. தெரிந்திருந்தாலும் முப்பத்தொரு கையொப்பங்களுக்கு எதிரே அதனைச் சொல்லியிருப்போமா என்பது ஐயமே. அவருடைய மகனே அம்மாவைச் சற்று அதட்டிவிட்டுக் கையொப்பமிட்டார். ஜூன் முடிவதற்குள் மரம் அடியோடு அறுக்கப்பட்டது. அறுத்த அடிக்கட்டையில் உள்ளே அழுகல் சிறிதும் இல்லை. வெளுப்பும் செம்மையுமாக வளையங்கள் தெளிவாக இருந்தன. பாட்டியம்மாள் வெளியே வந்து பார்க்கவில்லை. அந்த ஆண்டு கோடையிலும் மறு ஆண்டுக் கோடையிலும் அவர் வழக்கமாக உட்காரும் கட்டில் உள்ளேயே கிடந்தது.

அதே குடியிருப்பில் இன்னும் மூன்று மரங்கள் உள்ளன. அவற்றின் தண்டை நெரித்துக்கொண்டு சிமென்ட் தளம் போடப்பட்டிருக்கிறது. வேரைச் சுற்றி ஒரு மீட்டர் மண்ணை விட்டுவைக்க வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013ஆம் ஆண்டே ஆணையிட்டது. காற்றில் மரம் சாய்வதற்கு அச்சிமென்ட்டும் ஒரு காரணம். இதைக் குறித்து இரண்டாவது மனு ஒன்றை எழுதினோம். முன்னதைப் போல அழகாக அன்று. மரம் எத்தனை, தண்டின் சுற்றளவு எவ்வளவு, தளம் எவ்வளவு தள்ளி இருக்கவேண்டும், எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பவற்றை மட்டும் எழுதினோம். இம்முறை கையொப்பம் பதினான்கு. முதலாவது பாட்டியம்மாளுடையது, தமிழில். பெற்றுக்கொண்டதற்கான எண் கிடைத்திருக்கிறது. நினைவூட்டுக் கடிதம் இருமுறை அனுப்பியாயிற்று.