ஐம்பது நாள் மகிழ்ச்சி

நாற்பது நாள் நோன்பிருக்க நமக்குத் தெரியும். திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் வாங்கியது முதல் கறி மீனை ஒதுக்குகிறோம், வெள்ளிதோறும் சிலுவைப்பாதை செய்கிறோம், பெரிய வெள்ளியன்று சிலுவையை முத்தி செய்கிறோம். ஈஸ்டர் பிறந்ததும் மதியம் பிரியாணி. மறுநாள் வழக்கமான வாழ்க்கை. துக்கத்துக்கு இவ்வளவு ஒழுங்கு வைத்திருக்கும் நாம் மகிழ்ச்சியை ஒரே நாளில் ஏன் முடித்துக்கொள்கிறோம் என்ற கேள்வி ஆண்டுதோறும் எனக்குள் எழுகிறது.

திருச்சபையின் நாள்காட்டி அப்படி முடிப்பதில்லை. உயிர்ப்பு ஞாயிறு தொடங்கி தூய ஆவியார் பெருவிழா வரை ஐம்பது நாளும் பாஸ்கா காலம். திருவிழிப்பு இரவில் புதுத் தீயிலிருந்து ஏற்றிய பாஸ்கா திரி அந்த நாள்களின் வழிபாடுகளில் பீடத்தருகே எரிகிறது. திருப்பலியின் முதல் வாசகம் திருத்தூதர் பணிகளிலிருந்து வருகிறது. 325இல் கூடிய நிசேயா பொதுச்சங்கம் இந்த நாள்களில் யாரும் முழந்தாளிடாமல் நின்றுகொண்டே செபிக்கவேண்டும் என்று விதித்தது. மகிழ்ச்சிக்கும் ஒரு விதி தேவை என்று அந்த ஆயர்கள் கருதியது எனக்குப் பெரிதாகப் படுகிறது. மனம் எப்படியிருந்தாலும் உடல் எழுந்து நிற்கட்டும். நம்பிக்கை அங்கிருந்து தொடங்கட்டும்.

துயரத்தை மறைத்துவிட்டு இந்த மகிழ்ச்சி வருவதில்லை. உயிர்த்த ஆண்டவரின் கைகளில் ஆணிக்காயங்கள் இருந்தன. சீடர் தோமா அவற்றைக் கண்டுதான் தம் நம்பிக்கையை அறிக்கையிட்டார். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் காலையில் கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயிலிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டுகள் வெடித்தன. வழிபட வந்தவர்களும் பிள்ளைகளும் மாண்டார்கள். அந்தக் குடும்பங்களுக்கு ஈஸ்டரும் நினைவு நாளும் பிரிக்கமுடியாதவை. அவர்கள் அழுதுகொண்டே பாடும் அல்லேலூயாவுக்கு முன் நம்முடைய ஒருநாள் கொண்டாட்டம் மிகச் சிறியது.

அப்படியானால் ஐம்பது நாளும் என்ன செய்வது? நற்செய்தியே வழி சொல்கிறது. உயிர்த்தவர் தம்மைக் கொன்றவர்களிடம் வெற்றி காட்டப் போகவில்லை. எம்மாவுக்குச் சோர்ந்து நடந்த இருவரோடு வழிநடந்தார், அவர்களோடு பந்தியில் அமர்ந்து அப்பம் பிட்டார். திபேரியாக் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீன் சுட்டு, தம்மை மறுதலித்த பேதுருவைச் சாப்பிட அழைத்தார். அன்பு செய்கிறாயா என்று கேட்டாரே தவிர, ஏன் மறுதலித்தாய் என்று கேட்கவில்லை.

தவக்காலத்தில் எதை விடுவது என்று யோசிக்கிறோம். பாஸ்கா காலத்தில் எதைச் செய்வது என்று யோசிப்போம். சிலுவைப்பாதைக்குப் போன வெள்ளிக்கிழமை மாலைகளை, துக்க வீட்டாரோடு உட்காரவும், தனித்திருக்கும் முதியவரைப் பார்க்கவும், பேச்சு நின்றுபோன உறவினரைச் சாப்பாட்டுக்கு அழைக்கவும் கொடுக்கலாம். திருவிழிப்பில் கையில் மெழுகுதிரியோடு திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கிறோம். அவற்றை நிறைவேற்றத்தான் திருச்சபை நமக்கு ஐம்பது நாள் தந்திருக்கிறது. பசித்திருந்து காட்டிய அதே உறுதியை, பிறரை வாழவைப்பதிலும் காட்டுவோமானால், கிறிஸ்து உயிர்த்தார் என்று நாம் சொல்வதை ஊர் நம்பும்.