பின் ஆர்ம்

சனி, மாலை. மாசாய், ஜொகூர்.

மோட்டரின் பின்சக்கரத்தை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, அதைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் கடைசி முனையைப் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டினேன். டக். காதைவிட உள்ளங்கைக்குத்தான் அது நன்றாகக் கேட்டது. வளைவுகளில் பின்பக்கத்தை யாரோ பிடித்து இழுப்பதுபோல் இருந்ததற்கு இரண்டு மாதமாக டயரைத் திட்டிக்கொண்டிருந்தேன். பாவம், அது புது டயர்.

மோட்டர் எனக்கு மூன்றாம் கை. விற்றவர் இன்ஜினை ஓடவிட்டுக் காட்டினார், நானும் இன்ஜினைத்தான் கேட்டேன். ஆர்மைத் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

செயின், சக்கரம், ஷாக்கின் கீழ் போல்ட் எல்லாம் ஒரு மணி நேரத்தில் கழன்றுவிட்டன. பிவட் போல்ட் மட்டும் அசையவில்லை. துரு எண்ணெய் அடித்துவிட்டு டீ குடித்தேன், திரும்ப அடித்தேன், திரும்பக் குடித்தேன். இரும்புச் சுத்தியலால் நேராகத் தட்டினால் மரை நசுங்கிப்போகும். மரக்கட்டையை வைத்துத் தட்டித் தட்டி, இருட்டும் நேரத்தில் வெளியே வந்தது. அதில் கிரீஸ் இல்லை. செம்மண் குழைத்த மாதிரி ஏதோ ஒரு பசை.

பேரிங்குக்குள் இருந்த ஸ்லீவைத் துடைத்து விளக்கில் பிடித்தேன். ஒரு பக்கம் கண்ணாடி போல் வழவழப்பு. மறுபக்கம் சீப்புப் பல் போல் வரிவரியாகப் பள்ளம்.

இரவு.

அந்தப் பள்ளங்கள் தூங்கவிடவில்லை.

ஆர்மின் பிவட்டில் இருப்பது நீடில் பேரிங். அதில் வத்திக்குச்சியை நறுக்கி வட்டமாக அடுக்கியதுபோல் எஃகு உருளைகள். சக்கர பேரிங் முழுதாகச் சுற்றும். சுற்றச் சுற்றக் கிரீஸும் கூடவே பரவும். ஆர்ம் பேரிங் சுற்றுவதே இல்லை. குழியில் ஏறி இறங்கும்போது மேலும் கீழுமாகச் சில பாகை, அவ்வளவுதான். உருளைகள் அதே இடத்திலேயே நின்று அதே இடத்தையே குத்துகின்றன. நடுவில் இருந்த கிரீஸ் ஓரத்துக்கு ஒதுங்கினால் திரும்ப வருவதில்லை. அந்த இடத்துக்கு மழைநீர் வந்து சேர்கிறது. மழையை மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை. ஞாயிறுதோறும் பம்ப் தண்ணீரைப் பீய்ச்சி சீல் வழியாக உள்ளே ஏற்றியவன் நான்தான்.

தினம் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸுக்குப் போய் வருகிறேன். பாலம் என்கிறோம், உண்மையில் அது கருங்கல்லைக் கடலில் கொட்டி எழுப்பிய கரை. 1924இல் திறந்தது. நீளம் 1,056 மீட்டர். அதைக் கடக்க என் சக்கரம் சுமார் 550 முறை சுற்றும். ஆர்ம் பேரிங் ஒரு முறைகூடச் சுற்றாது. தேய்ந்தது அதுதான்.

அப்பா பால்மரம் சீவியவர். அவருக்கு முழங்கால் கெடவில்லை, முதுகு கெடவில்லை. வலது மணிக்கட்டு மட்டும் போனது. பட்டையில் கத்தியை இழுத்துத் திருப்பும் அந்தச் சின்னத் திருப்பம்தான் காரணம். விடியுமுன் தொடங்கி, மரத்துக்கு மரம் அதே திருப்பம். மைல் கணக்கில் நடந்த கால் நன்றாகவே இருந்தது. (அவருடைய இஎக்ஸ்5 மோட்டரில் ஆர்முக்குப் பேரிங்கே கிடையாது, ரப்பர் புஷ்தான். ரப்பர் முறுக்கிக்கொடுக்கும், உராயாது, கிரீஸும் கேட்காது. நல்ல ஏற்பாடு என்று இன்றைக்குத்தான் உறைக்கிறது.)

ஞாயிறு.

பழைய பேரிங்கைத் தட்டி எடுத்தேன். அந்த உற்சாகத்தில் புதியதையும் தட்டியே உள்ளே விடப் பார்த்தேன். இரண்டாவது அடியில் கோணலாக ஏறி, விளிம்பு சுருண்டது. அதன் கூடு மெல்லிய தகடு என்பது தெரியாமலில்லை. பொறுமைதான் இல்லை.

பக்கத்து வீட்டு அங்கிள் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பட்டறை வைத்திருந்தவர்.

“தம்பி, அத அடிக்கக்கூடாது. இழுக்கணும்.”

“எப்படி அங்கிள்?”

நீள மரைக்கம்பி ஒன்று, தடித்த வாஷர்கள், இரண்டு நட்டு கொண்டுவந்தார். மாற்று பேரிங்கை முந்தின இரவே ஃப்ரீசரில் வைத்திருக்க வேண்டுமாம். அரைமணி நேரமாவது வை என்றார். அலுமினிய ஆர்மை வெயிலில் போடச் சொன்னார். சூட்டில் அலுமினியம் எஃகைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும், துளை தானே கொஞ்சம் இடம் விடும். எழுத்து பொறித்த பக்கத்தை வெளியே வைத்து, அந்தப் பக்கமாகவே அழுத்தச் சொன்னார். அங்கேதான் கூடு உறுதியாக இருக்கும்.

நட்டைக் கால் சுற்று, கால் சுற்றாக முறுக்கினேன். பேரிங் சத்தமே இல்லாமல் உள்ளே போனது. நேற்று முழுக்கச் சத்தம் போட்ட கைக்கு இது பழக்கமில்லை. இடையில் இரண்டு முறை நிறுத்தி, நேராகத்தான் போகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன்.

ஸ்லீவும் சீலும் புதியவை. பள்ளம் விழுந்த பழைய ஸ்லீவில் புது பேரிங் ஓடினால் பழைய கதைதான். தண்ணீருக்குக் கரையாத கிரீஸை உருளைகளுக்கு நடுவே சுண்டுவிரலால் அழுத்தி நிரப்பினேன். நெய்முறுக்கு மாவு பிசைந்த கை மாதிரி இருந்தது.

மாலை ஆறரை. ஆர்மைப் பிடித்து ஆட்டினேன், ஒன்றுமில்லை. மேலும் கீழும் தூக்கினேன், தன் கனத்தாலேயே மெதுவாக இறங்கியது.

கம்பியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அங்கிள், “இன்னொரு மாசம் கழிச்சு பிவட் நட்டை ஒருதரம் பாரு” என்றார். பழைய ஸ்லீவை அவரிடம் காட்டினேன். பள்ளத்தில் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்துவிட்டு, தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எதற்கென்று நான் கேட்கவில்லை.

செயின் தளர்வை இன்னும் சரிபார்க்கவில்லை. காலை நாலரைக்குக் கிளம்ப வேண்டும்.