மானமும் மண்ணும்: ஒரு சிறு தீவின் விமானச் சேவை எழுப்பும் அறவினா

மானம் என்பது தனிமனிதனுக்கு மட்டும் உரியதோர் உணர்வன்று; மக்கட் கூட்டத்துக்கும் அது உண்டு. ஒரு நாடு தனக்கெனக் கொடியொன்றை உயர்த்துவதும், தபால் முத்திரையில் தன் பெயரைப் பொறிப்பதும், தன் பெயர் தாங்கிய விமானத்தை வானிற் செலுத்துவதும் இவ்வுணர்வின் வெளிப்பாடுகளே. ஆயின், இவை பொருட்செலவின்றி நிகழ்வனவல்ல. தன் மானத்தின் பொருட்டு ஒரு சமுதாயம் எவ்வளவு செலவிடலாம், அச்செலவை யார் தலையிற் சுமத்தலாம் என்பது கணக்காளர் மட்டும் தீர்த்துவிடக்கூடிய வினாவன்று. அது அடிப்படையில் அறவியல் வினாவாகும். பசுபிக் சமுத்திரத்தின் நடுவே அமைந்துள்ள நவூரு என்னும் தீவின் விமானச் சேவை வரலாறு, இவ்வினாவைத் தெளிந்த வடிவிற் சிந்திப்போர்முன் வைக்கின்றது.

நவூருவின் பரப்பளவு 21 சதுர கிலோமீற்றர். அதன் மக்கள் தொகை இன்றும் ஏறத்தாழ 12,000 மட்டுமே. மிக அண்மையிலுள்ள அயல் தீவாகிய பனாபா ஏறக்குறைய 300 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. இத்தீவு பெற்றிருந்த ஒரே பெருஞ்செல்வம் அதன் மண்ணிற் படிந்திருந்த பொஸ்பேற்று. 1906 ஆம் ஆண்டு தொடங்கிய அகழ்வு, முதலாம் உலகப் போரின் பின் பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்று நாடுகளும் கூட்டாக அமைத்த ஆணையாளர் குழுவின் கைக்குச் சென்றது. சந்தை விலையிலுங் குறைந்த விலைக்கு அம்மண் அந்நாடுகளின் வயல்களுக்கு உரமாயிற்று. மண்ணுக்குரியோர் பெற்றது சொற்பமே. 1968 ஜனவரி 31 ஆந் திகதி நவூரு சுதந்திரமடைந்தது. 1970 இல் அகழ்வுத் தொழிலை அது தன்னுடைமையாக்கிக்கொண்டது. அதே 1970 ஆம் ஆண்டிலேயே ‘எயர் நவூரு’ என்னும் தேசிய விமானச் சேவையும் பறக்கத் தொடங்கியது.

சிறியதொரு ஜெற் விமானத்துடன் தொடங்கிய அச்சேவை விரைந்து வளர்ந்தது. எழுபதுகளின் நடுப்பகுதியில், தலைக்குரிய வருமானத்தில் உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்றாக நவூரு எண்ணப்பட்டது. எண்பதுகளின் தொடக்கத்தில் அதன் விமானங்கள் ஏழாயின. மெல்பேண், ஓக்லாந்து, ஹொங்கொங், மணிலா, ககோஷிமா, ஹொனலூலு எனப் பயணப் பாதைகள் விரிந்தன. நாட்டு மக்களுள் பத்தில் ஒரு பங்கினரை ஒரே வேளையில் ஏற்றிச் செல்லுமளவுக்கு அவ்விமானங்களில் இருக்கைகள் இருந்தன. பல பயணங்களில் அவற்றுட் பெரும்பாலானவை வெறுமையாகவே இருந்தன. காலப்போக்கிற் பொஸ்பேற்று அருகியது, முதலீடுகள் கரைந்தன, கடன் பெருகியது. மெல்பேண் நகரில் 1977 இல் 52 மாடிகளுடன் எழுந்த நவூரு மாளிகை 2004 இல் விற்கப்பட்டது. 2005 டிசம்பரில், எஞ்சியிருந்த ஒரேயொரு போயிங் விமானத்தையும் கடன் கொடுத்த அமெரிக்க ஏற்றுமதி இறக்குமதி வங்கி கைப்பற்றியது. தீவின் வான்வழித் தொடர்பு அற்றுப்போயிற்று.

இவ்வரலாற்றைக் கேட்போர் நகைப்பது எளிது. ‘வரவறியாது செலவு செய்தவன் கெட்டான்’ என ஒரு வரியில் முடித்துவிடுதலும் எளிது. ஆயினும் அந்நகைப்பு இரு உண்மைகளை மறைத்துவிடுகின்றது.

முதலாவது, கடல் சூழ்ந்த சிறு தீவுக்கு விமானம் ஆடம்பரப் பொருளன்று. கண்டத்தில் வாழ்வோர்க்கு நெடுஞ்சாலை எதுவோ, அதுவே அவர்க்கு விமானம். நோயாளி பெரிய வைத்தியசாலைக்குச் செல்வதற்கும், மாணவர் உயர்கல்விக்குச் செல்வதற்கும் வேறு விரைவான வழியில்லை. பெரிய நாட்டுக் கம்பனிகள் இலாபமற்ற பாதையில் நிலைத்து நிற்பதில்லை. ஆகவே தனக்கென ஒரு விமானத்தை வைத்திருக்க நவூரு விரும்பியதில் தவறேதும் இல்லை.

இரண்டாவது, அம்மக்கள் பட்ட அவமதிப்பின் ஆழம். இரண்டாம் உலகப் போரில் தீவைக் கைப்பற்றிய ஜப்பானியர் கட்டாய உழைப்பினால் அங்கு விமான ஓடுபாதை அமைத்தனர். 1943 இல் 1,200 நவூரு மக்களைத் தொலைதூரத் தீவாகிய துறூக்குக்குக் கொண்டுசென்றனர். 1946 இல் உயிருடன் மீண்டோர் 737 பேரே. அவர்கள் தாய்மண்ணில் மீண்டும் கால்வைத்த ஜனவரி 31 ஆந் திகதியே பின்னர் சுதந்திர தினமாயிற்று. அறுபதுகளில், தீவின் மண் தீர்ந்துவிடும் எனக் கண்ட அவுஸ்திரேலியா, குயின்ஸ்லாந்துக் கரையோரத்துக் கேர்ட்டிஸ் தீவிற் சென்று குடியேறுமாறு அவர்களிடம் கூறியது. தாம் ஓர் இனமாக இல்லாதொழிந்து போவோம் என அஞ்சிய அவர்கள் 1964 இல் அதனை மறுத்தனர். வசதியைத் துறந்து தம் பெயரைக் காத்துக்கொண்ட மக்கள் அவர்கள். அத்தகையோர் தம் பெயர் எழுதிய விமானத்தை உலக நகரங்களுக்கு அனுப்பியமையை வெறும் பகட்டு என்று ஒதுக்கிவிடுவது நேர்மையாகாது.

பெருஞ்செலவு எல்லாவற்றையும் அறத்துக்குப் புறம்பானதெனத் தத்துவ அறிஞரும் கொள்ளவில்லை. தகுந்த நோக்கத்துக்காகத் தகுந்த அளவிற் பெருஞ்செலவு செய்தலை அரிஸ்ரோட்டில் நற்பண்புகளுள் ஒன்றாகவே வைத்தார். கஞ்சத்தனம் ஒருபுறமும் பகட்டு மறுபுறமும் நிற்க, அவற்றின் நடுவே அப்பண்பு நிற்பதாகக் காட்டினார். வள்ளுவரும் மானத்துக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வரவையும் செலவையும் அளந்து வாழவேண்டியதை வற்புறுத்தினார். இவ்விரண்டும் ஒரே நூலில் இடம்பெறுதல் நோக்கற்பாலது. மானத்தைப் போற்றுதல் அளவை மறத்தற்கு அனுமதியாகாது என்பது இதனாற் பெறப்படும்.

எனினும், அளவு பற்றிய வினாவிலும் ஆழமானது செலவைத் தாங்கியவர் யார் என்னும் வினாவாகும். நவூருவில் வருமான வரி முதன்முதலாக விதிக்கப்பட்டது 2014 ஆம் ஆண்டிலேயே. வெற்று இருக்கைகளுடன் விமானங்கள் பறந்த காலத்தில், அவற்றின் நட்டம் எந்தக் குடிமகனின் சம்பளத்திலிருந்தும் கழிக்கப்படவில்லை. அது மண்ணிலிருந்து கழிக்கப்பட்டது. வரி செலுத்துபவன் தன் பணம் எங்கே போயிற்றென்று கேட்பான். தேர்தலில் தன் வெறுப்பைக் காட்டுவான். மண்ணோ யாரையும் கேள்வி கேட்பதில்லை. அம்மண்ணிற் பங்குடையோராய், ஆயினும் இன்னும் பிறவாதவராய் இருந்த பிள்ளைகளும் கேட்க இயலாதவர்கள். நவூருவின் விமானச் சேவை எவரையும் வருத்தாதது போலத் தோன்றியதன் காரணம் இதுவே. வருந்த வேண்டியவர்கள் அவையில் இருக்கவில்லை.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். எந்தத் தலைமுறையும் அடுத்த தலைமுறையின் சம்மதத்தைப் பெற்றுச் செலவு செய்வதில்லை. இன்று கட்டப்படும் குளத்தின் கடனை நாளைய மக்களும் இறுக்கின்றனர். அவ்வாறிருக்க விமானத்தை மட்டும் குறைகூறுவது எங்ஙனம்? இம்மறுப்பில் உண்மையுண்டு. ஆயின் குளத்தின் கடனைப் பெறுபவன் குளத்தையும் பெறுகின்றான். நாளையோர் பொருளைச் செலவிடும் உரிமை, அவர்க்குப் பயன்படும் ஒன்றை விட்டுச்செல்லும் கடமையோடு பிணைந்தே உள்ளது. சமுதாயம் என்பது இறந்தோர், வாழ்வோர், பிறக்கவிருப்போர் ஆகிய முத்திறத்தாரின் கூட்டு என 1790 இல் எட்மண்ட் பேர்க் கருதியதன் பொருளும் இதுவே. மானமும் ஒரு மரபுரிமைதானே எனலாம். ஆனால் மண்ணை விற்றுப் பெற்ற பெருமை மண்ணோடு தீர்ந்தது. நவூரு 2002 இல் தாய்வானை விட்டுச் சீனாவை அங்கீகரித்தது. 2005 இல் மீண்டும் தாய்வானிடம் திரும்பியது. 2006 இல் தாய்வானின் உதவியோடு கிடைத்த விமானத்தாற் சேவையைப் புதுப்பித்தது. 2024 இல் மீண்டும் சீனாவை அங்கீகரித்தது. வறுமையுற்ற நாட்டுக்குத் தன் அங்கீகாரமே விலைபெறும் பொருளாகிவிடுகின்றது. மானத்துக்காகச் செய்த செலவு, மானத்தைக் காக்கும் ஆற்றலையே இறுதியில் உண்டுவிட்டது.

இவ்விடத்தில் இலங்கையர் ஒருவரின் பணி நினைவுகூரத்தக்கது. அகழப்பட்ட நிலங்களைச் சீராக்கும் பொறுப்பு யாருடையது என ஆராய 1986 இல் நவூரு அரசு நியமித்த விசாரணைக் குழுவின் தலைவராக விளங்கியவர் சி. ஜி. வீரமந்திரி. இலங்கை உயர் நீதிமன்ற நீதியரசராக இருந்த அவர், பின்னர் சர்வதேச நீதிமன்றத்தின் நீதிபதியுமானார். 1989 இல் நவூரு அவுஸ்திரேலியாவுக்கு எதிராக அந்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. பிறர் நிலத்தைப் பொறுப்பேற்றவன் அதனை உரியவர்க்குக் கெடாது ஒப்படைக்க வேண்டும் என்பதே அவ்வழக்கின் அறவியற் சாரம். 1993 இல் 107 மில்லியன் அவுஸ்திரேலிய டொலருக்கு இணக்கம் ஏற்பட்டது. அந்நியப் பாதுகாவலனை நோக்கி நவூரு நீட்டிய விரல் நியாயமானதே. ஆயினும் அதே நியாயம் சுதேசப் பாதுகாவலனையும் கட்டுப்படுத்தும். சுதந்திரத்தின் பின் நவூருவின் தலைவர்களும் பிறவாத மக்களின் சொத்துக்குப் பொறுப்பாளராகவே இருந்தனர். அந்நியன் இலாபங் கருதிச் செய்ததையும், சுதேசித் தலைவன் நாட்டுப்பற்றால் உந்தப்பட்டுச் செய்ததையும் சமமெனக் கூறுதல் அநீதி. ஆனால் நாட்டுப்பற்று கணக்குக் காட்டும் கடமையிலிருந்து எவரையும் விடுவிப்பதில்லை.

அவ்விமானச் சேவை முற்றாக அழிந்துவிடவில்லை. 2006 இல் நாட்டின் பெயரை நீக்கி, ‘எங்கள் விமானச் சேவை’ எனப் பொருள்படும் பெயருடன் அது பறந்தது. 2014 இல் ‘நவூரு எயர்லைன்ஸ்’ என நாட்டின் பெயரை மீண்டும் பூண்டது. சில போயிங் விமானங்களோடு அயல் தீவுகளையும் இணைக்கும் வழியாக இன்று இயங்குகின்றது. 2015 இல் வருங்காலத் தலைமுறையினர்க்கென நம்பிக்கை நிதியமொன்றும் நிறுவப்பட்டது. இன்றைய மக்கள் வரி செலுத்துகின்றனர்; ஆகவே கேட்கும் உரிமையும் உடையவராயினர்.

சிறிய நாடு மானத்துக்காகச் செலவிடலாமா என்னும் வினாவுக்கு ‘ஆம்’ என்பதே விடை. மானமற்ற சிக்கனம் அம்மக்களைக் கேர்ட்டிஸ் தீவிற் கொண்டுபோய் விட்டிருக்கும். ஆயின், தன் மானத்துக்குரிய விலையைத் தன் உழைப்பாலும் தன் வரியாலும் இறுப்பவனே அதனை உண்மையில் உடையவன். பிறவாத பிள்ளையின் பங்கிலிருந்து அவ்விலையை இறுப்பவன், தன் கொடியை அப்பிள்ளையின் தோள்மீது நட்டவனாகின்றான். தேசியப் பெருமையின் பெயரால் எந்த அரசு எதனை நிறுவினும், அதன் செலவைத் தாங்குவோர் அவையில் இருந்து வாய்திறந்து கேட்கக் கூடியவர்களா என்பதே முதலில் ஆராயப்படவேண்டியது.